இரண்டு பேருக்கான மாத்திரை

முள் ஏறியது போர்கில்டுக்குத் தெரியவே இல்லை. எதிரில் நின்று இரை கோத்துக்கொண்டிருந்த யோருன்தான் பார்த்தாள்.

"அடியே, உன் கட்டைவிரலையும் சேர்த்துக் கோத்துட்ட பாரு."

போர்கில்ட் குனிந்து பார்த்தாள். அயிலைத் துண்டைத் துளைத்த தூண்டில் முள் கையுறையையும் துளைத்து, சதைக்குள் போய், அந்தப் பக்கம் நுனியை நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டி விளிம்பில் மாட்டப் போனபோது கையும் கூடவே போயிருக்கிறது. கயிறு எங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை இழுத்தும் பார்த்திருக்கிறாள்.

"வலிக்கலையா?"

"இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. என்ன சொல்லச் சொல்ற?"

யோருன் வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். அந்தக் கொட்டகையில் அது அபூர்வம். ஸ்கார்விக் துறைமுகத்தில் இரை கோக்கும் கொட்டகை ஒன்றுதான். அதில் பதினேழு வருஷமாக இந்த இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு தொட்டிக்கு நானூறுக்கு மேல் முள். உறைந்த அயிலையை இளக்கி, வெட்டி, முள்ளுக்கு ஒரு துண்டாகக் கோத்து, கயிற்றைச் சுருட்டி அடுக்க வேண்டும். கடலில் விடும்போது ஒன்றோடொன்று சிக்கினால் படகுக்காரன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவான். இந்த வேலைக்குக் கண் வேண்டாம், விரல் போதும். யோருன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஒரு நாளில் ஐந்து தொட்டி முடிப்பாள். போர்கில்ட் பேசாமல் ஆறு முடித்தவள். இப்போது கொஞ்ச நாளாக நான்கைத் தாண்டவில்லை.

அந்த வடகோடியில் நவம்பர் கடைசியில் போன சூரியன், ஜனவரி ஆகியும் இன்னும் திரும்பவில்லை. ஜன்னலில் பதினொரு மணிக்குக் கொஞ்சம் நீலம் தெரியும், ஒரு மணிக்கு அதுவும் போய்விடும். வெளியே டொக், டொக் என்று மரச்சுத்தியல் சத்தம் கேட்டது. ஓட்முண்ட் கரைச்சுவர் ஏணிகளில் உறைந்த பனியைத் தட்டி உடைக்கிறான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் யோருன்கூட ஒரு நிமிஷம் வாயை மூடுவாள். ஓட்முண்ட், போர்கில்டின் புருஷன் ஹால்வாருக்குத் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே படகில் போனவர்கள். போன பிப்ரவரியில் ஒரு காலை, படகிலிருந்து கரைக்கு ஏறும்போது ஹால்வார் ஏணியிலிருந்து சறுக்கி, படகுக்கும் கரைச்சுவருக்கும் நடுவில் விழுந்தான். தூக்கி எடுக்கும்போது மூச்சு இல்லை. ஏணிப்படிகளில் கட்டைவிரல் கனத்துக்குப் பனிக்கட்டி இருந்தது. அன்று அதைத் தட்டிவிட வேண்டிய முறை ஓட்முண்டுடையது.

அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்தபோது போர்கில்ட் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஏணியைத் தட்ட உனக்கு அஞ்சு நிமிஷம் கிடைக்கலையா, ஓட்முண்ட்?" ஊரே கேட்டது. கோப்பைகள் அப்படியே நின்றன. அன்றிலிருந்து அவள் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். பதிலாக, தினமும் காலையில் சுத்தியலோடு வந்து துறைமுகத்தின் பதினான்கு ஏணிகளையும் தட்டுகிறான். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போர்கில்டின் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு பையில் மீன் தொங்கும். அவள் எடுத்துச் சமைப்பாள், தின்பாள். நன்றி என்று ஒரு சொல் கிடையாது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் யோருன், போர்கில்டுக்குக் கோட்டு மாட்டிவிட்டபடி. "துக்கம் சிலருக்குத் தொண்டையில நிக்கும், சிலருக்கு இடுப்புல நிக்கும். உனக்குக் கையில வந்து நின்னிருக்கு. மருத்துவ நிலையத்துக்குப் போ."

போர்கில்டும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இலையுதிர் காலத்தில் முதலில் விரல் நுனி மரத்தது, அப்புறம் பாதம். காபி சுட்டால் தெரியவில்லை. கம்பளிக் காலுறை போட்டிருக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே எல்லாம் மரத்துப்போன பிறகு வெளியே மரப்பதில் என்ன ஆச்சரியம் என்று விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

டாக்டர் ஆஸ்னே தெற்கிலிருந்து வந்த சின்னப் பெண். முள்ளின் கொக்கியை வெட்டி எடுத்தாள். பிறகு பஞ்சால் தடவினாள், ஊசியால் குத்தினாள், ஒரு கம்பியைத் தட்டி அதிர்வோடு கால் பெருவிரலில் வைத்தாள்.

"தெரியுதா?"

"என்ன தெரியணும்?"

டாக்டர் குறித்துக்கொண்டாள். ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பினாள். "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"மருந்து ஒண்ணும் இல்ல. வைட்டமின் மட்டும்தான்."

அந்த 'மட்டும்தான்' எவ்வளவு பெரியது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யோருன் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கிண்டல் செய்வாள். ஐந்து வருஷத்துக்கு முன் தபாலில் மாத்திரை அனுப்பும் கம்பெனி ஒன்றில் போர்கில்ட் சந்தா கட்டினாள். மாதாமாதம் பெட்டி வரும், கூடவே ஒரு சின்னப் புத்தகம் வரும். புரதம் என்றால் என்ன, தாது உப்பு என்றால் என்ன, மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்காத படிப்பை அவள் அதில் படித்தாள். டப்பாவில் நூறு சதவீதம் என்று போட்டிருந்தால் அது ஒரு நாள் தேவையில் நூறு சதவீதம் என்பதைக் கடைக்காரனுக்கே சொல்லிக்கொடுத்தாள்.

அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறவள் இல்லை. கொழுப்பில் கரைகிற வைட்டமின்கள் உடம்பிலேயே தங்கும், மிஞ்சினால் ஆபத்து என்று அந்தப் புத்தகம் சொல்லியிருந்தது. அதனால் குளிர்காலத்தில் மீனும் ஈரலும் சினையும் அவித்துச் சாப்பிடுகிற நாட்களில் வீட்டில் மீனெண்ணெய் கிடையாது. ஹால்வார் கரண்டியை நீட்டிக் கெஞ்சினாலும் கிடையாது. "ஈரல்லயே ஏ வைட்டமின் கொட்டிக் கிடக்கு, அதுக்கு மேல எண்ணெயா? செத்துப்போவ" என்பாள். அவன் சிரிப்பான். நீரில் கரைகிறவை அப்படி இல்லை, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்றும் புத்தகம் சொல்லியிருந்தது. பி வகை எல்லாம் நீரில் கரைகிறவை. அங்கே பயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஏழு அறை உள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை மேஜையில் வைப்பாள். வெள்ளை அவளுடையது, நீலம் ஹால்வாருடையது. ஒரு வாரத்துக்கு நிரப்புவாள். ஹால்வார் இறந்த பிறகும் நிரப்பினாள். அவன் பெயருக்குப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. அஞ்சல்காரர் 'ஹால்வார்' என்று உரக்கப் படித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையில் கொடுப்பார். சந்தாவை நிறுத்தினால் அந்தப் பெயர் வாசலுக்கு வருவது நின்றுவிடும். வந்ததை எறியவும் மனமில்லை. அவள் வெள்ளையையும் விழுங்கினாள், நீலத்தையும் விழுங்கினாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டாள். வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும் எடுத்து வரச் சொன்னாள். போர்கில்ட் மீன் பையில் போட்டு எடுத்துப் போனாள்.

"சர்க்கரை இல்ல. பி12 சரியா இருக்கு. தைராய்டு சரியா இருக்கு," என்ற டாக்டர் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். "ஆனா பி6 ரத்தத்துல எக்கச்சக்கமா இருக்கு. இதுல பாருங்க, பி கூட்டு மாத்திரை. பி6 அம்பது மில்லிகிராம். இது நரம்புக்கு. இதுல நாப்பது. இது என்ன, மக்னீசியமா?"

"தசைப்பிடிப்புக்கு."

"இதுலயும் பத்து போட்டிருக்கான். மூணும் சேர்த்தா நூறு. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது ஒன்றரை மில்லிகிராம்தான். அது நீங்க திங்கிற மீன்லயும் உருளைக்கிழங்குலயுமே கிடைச்சிரும்."

"மிஞ்சினா மூத்திரத்துல போயிருமே. நீர்ல கரையறதுதானே?"

"பெரும்பாலும் போயிரும். பி6 மட்டும் அப்படி இல்ல. ரொம்ப நாள் ரொம்ப அதிகமா எடுத்தா நரம்பையே கெடுக்கும். வேடிக்கை என்னன்னா, குறைஞ்சாலும் மரத்துப்போகும், கூடினாலும் மரத்துப்போகும். அதனால மரத்துப்போனதும் ஆளுங்க இன்னும் ரெண்டு மாத்திரை சேர்த்துப் போடுறாங்க."

போர்கில்ட் நரம்பு மாத்திரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துப் பின்பக்கத்தைப் படித்தாள்.

"நூறுக்கே இவ்வளவு ஏறாதே," என்றாள் டாக்டர். "ஒண்ணொண்ணா தானே போடுறீங்க?"

"என்னுது ஒண்ணொண்ணு. ஹால்வாரோடது ரெண்டு ரெண்டு."

"ஹால்வார்?"

"என் புருஷன். அவர் பங்கையும் நான்தான் போடுறேன்."

டாக்டர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். பிறகு தாளில் முந்நூறு என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "இன்னையிலிருந்து ஒண்ணும் வேண்டாம். சூரியன் வர்ற வரைக்கும் ஒரு கரண்டி மீனெண்ணெய், அது போதும். நரம்பு மெதுவா வளரும். மாசக்கணக்கு ஆகும். முழுசா வருமான்னு சத்தியம் பண்ண முடியாது."

"எல்லாருக்கும் கால்லயும் இப்படித்தான் வருமா?"

"கால்லதான் பெரும்பாலும் முதல்ல ஆரம்பிக்கும்."

"ஏணிப்படி தெரியாமப் போகுமா?"

"கண்ணால பார்த்தா சமாளிக்கலாம். இருட்டுல, கால் எங்க வைக்கிறோம்னே தெரியாது. ஏன், உங்களுக்கு ஏணி ஏறுற வேலை இருக்கா?"

"இல்ல," என்றாள் போர்கில்ட். டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்று கை நழுவி விழுந்து உருண்டது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். ஹால்வார் அந்த நாற்காலியில்தான் உட்காருவான். விழுவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "என்னமோ தெரியல. வெறுங்காலோட நின்னாலும் கம்பளி மேல நிக்கிற மாதிரியே இருக்கு." அவள் புத்தகத்தைப் புரட்டினாள். நரம்புத் தளர்ச்சிக்கு பி வகை என்று போட்டிருந்தது. அன்றே கம்பெனிக்கு எழுதி அவன் பங்கை இரண்டு மடங்காக்கினாள். மாத்திரை அதிகமாகத் தெரிகிறதே என்று அவன் முனகினான். "நாலு மாத்திரைக்கு அழுவியா? வாயைத் திற" என்றாள். அவன் வாயைத் திறந்தான். முப்பத்தோரு வருஷத்தில் அவள் வைத்ததை அவன் சாப்பிடாமல் எழுந்ததே இல்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், கைக்கும் ஒன்றும் தெரியவில்லை, நெஞ்சுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கதவுப்பிடியில் மீன் பை தொங்கிக்கொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அவள் அதை உள்ளே எடுத்தாள். பெரிய ஈரல் ஒன்றைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான் ஓட்முண்ட். அந்த வீட்டில் ஈரல் யாருக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பிடித்தவன்தான் இல்லை.

அன்று மீன் அவியவில்லை.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டைவிரல் கட்டோடு கொட்டகைக்குப் போய்த் தொட்டிகளைக் கழுவினாள். யோருன் ஜாடை மாடையாகக் கேட்டுப் பார்த்து, கடைசியில் நேராகவே கேட்டாள்.

"டாக்டர் என்னடி சொன்னா?"

"வைட்டமின் கூடிப்போச்சாம்."

"அடி பாவி! ஊருக்கே சத்து சொல்லிக் கொடுத்தவளுக்கா? எனக்கும் ஒரு டப்பா கொடுத்தியே!"

"எந்த டப்பா?"

"மஞ்ச மூடி. பயப்படாத, நான் திங்கல. நாய்க்குப் போட்டேன், அதுவே துப்பிருச்சு."

சொல்லிவிட்டு யோருன் விழுந்து விழுந்து சிரித்தாள். போர்கில்டும் சிரிக்க வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. வெளியே சுத்தியல் சத்தம் ஏழாவது ஏணியிலிருந்து எட்டாவதுக்கு நகர்ந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டாக்டருக்கு ஏணி பற்றித் தெரியாது. மாத்திரை காலை மரக்கவைக்கும் என்று ஊருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாயை மூடிக்கொண்டால் ஓட்முண்ட் சாகிற வரைக்கும் தட்டிக்கொண்டிருப்பான்.

அன்று மத்தியானம் கம்பெனிக்குப் போன் போட்டாள். கனிவான குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க சந்தாவை நிறுத்திட்டேன். ஹால்வார் பேர்ல இருக்கிறதை அவர்தான் பேசி நிறுத்தணும்."

"அவரால பேச முடியாது."

"பரவாயில்ல, எப்ப பேச முடியும்னு சொன்னா நாங்களே கூப்பிடுறோம்."

"செத்துட்டார்," என்றாள் போர்கில்ட். பதினோரு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ரொம்ப வருத்தமா இருக்குங்க. நிறுத்துறதுக்குக் காரணம் ஒண்ணு போடணும். பொருள் பிடிக்கலை, விலை அதிகம்... நான் 'பிற காரணங்கள்'னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ."

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் துறைமுகத்துக்கு நடந்தாள். கும்மிருட்டு. பனிக்காற்று முகத்தில் அறைந்தது, முகத்தில் மட்டும் தெரிந்தது. கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். மூன்றாவது ஏணியில் ஓட்முண்ட் இருந்தான். கரையில் ஒரு கைவிளக்கைச் சாய்த்து வைத்துவிட்டு, ஏணியில் பாதி இறங்கி நின்று தட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுத்தியல் நின்றது.

"போர்கில்ட்," என்றான். அவள் பெயரை எப்படிச் சொல்வதென்றே மறந்துபோனவன் மாதிரி சொன்னான்.

"மேல வா. சொல்லணும்."

"அங்கிருந்தே சொல்லு."

அவள் சொன்னாள். நின்ற இடத்திலிருந்து, கீழே அவன் தொப்பியைப் பார்த்தபடி, புத்தகத்தில் இருந்ததையும், டாக்டர் போட்ட கணக்கையும், நீலப் பெட்டியையும், கம்பளி மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று ஹால்வார் சொன்னதையும், இரண்டு மடங்காக்கியதையும் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவனுக்குப் படி தெரியல, ஓட்முண்ட். கால் மரத்துப்போச்சு. மரத்துப்போக வெச்சது நான். உன்மேல போட்டது தப்பு. ஊர் முன்னால போட்டேன், ஊர் முன்னாலயே எடுத்துக்கறேன். யோருன்கிட்ட சொன்னா போதும், மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

ஓட்முண்ட் படியிலிருந்த பனித்தூளைத் தள்ளிவிட்டான். கீழே தண்ணீர் படகில் மோதியது.

"கால் சரியில்லன்னு எனக்குத் தெரியும்," என்றான் கடைசியில். "படகுல ரெண்டு தடவை தடுமாறினான். போர்கில்ட்கிட்ட சொல்லாத, இன்னும் ரெண்டு மாத்திரை கொடுப்பான்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்."

அவள் கரையின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"நீ சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"அப்ப சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு கொடுத்திருப்பேன்."

"கொடுத்திருப்ப."

"கால் மரத்தா படி தெரியாமப் போகுமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அதனாலதான் விழுந்தான்னு அவ சொல்லல. நான்தான் சொல்றேன்."

"சரி," என்றான் ஓட்முண்ட். கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கால் மரத்திருந்தாலும் மரக்காட்டியும், ஏணியில பனி இருந்துச்சு போர்கில்ட். அதைத் தட்டுற முறை என்னுது."

அவன் சுத்தியலை ஓங்கி அடுத்த படியில் அடித்தான். உடைந்த பனிக்கட்டி தண்ணீரில் விழுந்தது. அவன் கீழே இறங்க இறங்க, கரையில் சாய்ந்திருந்த விளக்கின் வெளிச்சம் அவன் முதுகில் நின்றுவிட்டது, படிக்கு எட்டவில்லை. அவன் கையால் தடவிப் பார்த்துத் தட்டினான்.

போர்கில்ட் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். விளக்கை எடுத்து ஏணிக்கு நேராக நீட்டிப் பிடித்தாள்.

"தெரியுதா?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம்ம். தெரியுது."

இன்னும் பதினோரு ஏணி பாக்கி இருந்தது. காற்று அடித்தது. விளக்கு தன் கையில்தான் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டாள். இருந்தது.